நிமிடத்துக்குப் பதினான்கு இறாத்தல் காற்று

தெகிவளை
9 ஒக்டோபர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த இரண்டு சொற்களையும் மூன்று தாள்களில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது தாள். பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, வாசித்தால் போதும்.

நேற்று ஏறாவூர் அசனார் காக்கா எங்கள் கொம்பனிக்கு ஒரு பம்புச் சாமான் வாங்க வந்தார். மேசைகளுக்கு அப்பால் இருந்த என்னைக் கண்டுவிட்டு, "நீ மண்டூர் எஞ்சின்காரர் நல்லரத்தினத்துட மச்சினிப் புள்ளையெல்லோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். இங்கே சேர்ந்து நான்கு மாதமாகிறது. நான் எந்த ஊர் என்று நேற்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் சொன்ன செய்தியைக் கேட்டபின் வெட்கம் போய்விட்டது.

அத்தான் போனபின் சங்கத்து அரிசி ஆலையின் எஞ்சினை நீங்களே ஓட்டுகிறீர்களாம். இப்போது டேர்போ இறுகிவிட்டதாம், எஞ்சின் கரும்புகை கக்குகிறதாம், பாதிப் பாரமும் இழுக்கவில்லையாம். மாசி அறுவடைக்கு முன் சரிவராவிட்டால் வெல்லாவெளியிலிருந்து ஓர் ஆணைக் கொண்டுவந்து எஞ்சினில் விடுவார்களாம், உங்களை நெல் காயவைக்கிற களத்துக்கு அனுப்புவார்களாம். அக்கா, அந்த எஞ்சினை உங்களிடமிருந்து எடுக்கக்கூடாது.

நான் படித்ததற்கு முதன்முதலாக ஒரு பயன் வருகிறது என்று நினைக்கிறேன். எஞ்சின் விடும் புகை ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டில் மறுபக்கத்துச் சக்கரம் காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அதுதான் டேர்போ, உங்களுக்குத் தெரியும். ஆனால் பூட்டுகிற துளைகள் பொருந்தினால் மட்டும் ஒரு டேர்போ பொருந்தியதாகிவிடாது. ஒவ்வொன்றுக்கும் செய்தவர்கள் ஒரு வரைபடம் கொடுத்திருப்பார்கள். கிடையாக, நிமிடத்துக்கு எத்தனை இறாத்தல் காற்றுப் போகிறது. நிலைக்குத்தாக, அந்தக் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது. நடுவில் வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள். உள்வளையத்தில் நம் எஞ்சின் நின்றால் நல்லது. இடப்பக்கம் ஒரு சாய்ந்த கோடு இருக்கிறது. காற்றுக் குறைந்து நெருக்கம் கூடினால் புள்ளி அந்தக் கோட்டைத் தாண்டும், உள்ளே தள்ளிய காற்றே திரும்பி வெளியே பாயும். கல்லாற்று முகத்துவாரத்தில் வாவித் தண்ணீருக்கு வேகம் குறைந்தால் கடல் உள்ளே திரும்புவதைப் போல.

எனக்கு வேண்டியவை: எஞ்சின் தகட்டில் உள்ள எழுத்துகள் எல்லாம், ஆலைத் தண்டின் தகட்டில் உள்ளவை, எஞ்சினை நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் ஓட்டுகிறீர்கள் என்பது.

யசோ

*

மண்டூர்
21 ஒக்டோபர் 2005

யசோதினிக்கு,

அசனார் காக்கா ஊரெல்லாம் செய்தி கொண்டு திரிவார் என்று தெரியும். கொழும்பு வரை கொண்டுபோவார் என்று நினைக்கவில்லை.

தகட்டில் இருந்ததைப் பின்பக்கத்தில் பார்த்து எழுதியிருக்கிறேன். ஆலைத் தண்டின் தகட்டில் 600 என்று இருக்கிறது. எஞ்சின் தகட்டில் 1500 என்று இருக்கிறது. தகட்டில் உள்ளபடிதான் ஓட்டுகிறோம். வேறு எப்படி ஓட்டுவது?

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடல் திரும்பி உள்ளே வந்ததை எனக்கே உதாரணமாக எழுத உன் கைக்குத்தான் வரும். சுனாமி வந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் பெரியகல்லாற்றுக் கொமியூனிகேசன் கடையிலிருந்து உனக்குப் போன் எடுக்கச் சொன்னது நீ. கிராமசேவகர் கடிதம் வேண்டுமென்று சொல்லத்தானே? உன் அத்தான் முதல் பாதைப் படகில் ஏறி வாவிக்கு அக்கரை போனார், திரும்பவில்லை. அவருடைய முப்பத்தோராம் நாளுக்கும் நீ வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும், "தங்கச்சி எங்ககா?" என்று கேட்டார்கள். பரீட்சை என்று சொன்னேன். பரீட்சை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

டேர்போ கிடைத்தால் அனுப்பு. கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்று எழுது. சங்கத்தாருக்குச் சொல்ல வேண்டும்.

அன்னப்பூரணி

*

தெகிவளை
6 நவம்பர் 2005

அக்கா,

முகத்துவாரத்தைப் பற்றி எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது அந்தக் கோட்டை எப்படி விளங்கவைப்பது என்பது மட்டுமே மனதில் இருந்தது. பிறகு உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அறைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வீட்டுக்கார அம்மா, "ஏன் பிள்ளை, வயித்துவலியா?" என்று கேட்டார்.

உங்கள் கடித உறையின் ஓரத்தை யாரோ வெட்டி, பிறகு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். என்னுடையதும் உங்களுக்கு அப்படித்தான் வருமென்று நினைக்கிறேன்.

பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய எஞ்சின் சாமான் விற்கும் ஒரு கடையில் நம் எஞ்சினின் துளைகளுக்குப் பொருந்தும் டேர்போ இரண்டு இருந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கடைக்காரர் என்னோடு பேசாமல் எனக்குப் பின்னால் நின்ற, யாரென்றே தெரியாத ஓர் ஆளோடு பேசினார். அரை மணி நேரம் நின்று, தகட்டு இலக்கங்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். கொம்பனியின் பழைய கோப்புகளில் இரண்டுக்கும் வரைபடம் கிடைத்தது.

நான்கு இரவு கணக்குப் போட்டேன். வரைபடம் குளிர்நாட்டுக் காற்றுக்கு வரைந்தது. மண்டூர் வெயிலுக்கும் உமித்தூசி அடைத்த காற்று வடிகட்டிக்கும் அதைத் திருத்தினேன். 1500 சுற்றில் நம் எஞ்சினுக்கு நிமிடத்துக்குப் பதினான்கு இறாத்தல் காற்று வேண்டும், நெருக்கம் 1.8 மடங்கு. பெரியதின் படத்தில் அந்தப் புள்ளி உள்வளையத்தின் நடுவிலேயே விழுகிறது. சிறியதில் அது வலப்பக்க ஓரத்தில், மூச்சுமுட்டும் இடத்துக்கு அருகே விழுகிறது. புகை சுற்றும் பக்கத்துக்கும் தனிப்படம் உண்டு. அதில் கோடு கொஞ்சத் தூரம் ஏறி, பிறகு படுத்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் புகை போகாது. சிறியது அங்கேயும் விளிம்பில்தான் நிற்கிறது.

ஆகவே பெரியதை எடுத்திருக்கிறேன். கொம்பனியின் மூத்த பொறியியலாளரிடம் காட்டினேன். நன்றாகச் செய்திருக்கிறாய் என்றார். அன்று முழுவதும் எனக்கு நடக்கத் தெரியவில்லை, ஓடிக்கொண்டே இருந்தேன்.

எத்தனை சுற்று என்பதை இன்னொரு தடவை கேட்க நினைத்தேன். நீங்கள் ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறீர்கள். தகட்டில் உள்ளபடி என்று எழுதிவிட்டீர்கள். அதனால் கேட்கவில்லை.

அசனார் காக்கா அடுத்த கிழமை கொண்டுவருவார்.

யசோ

*

மண்டூர்
14 ஜனவரி 2006

யசோதினிக்கு,

இன்று பொங்கல். நான் பொங்கவில்லை.

உன் டேர்போவை மார்கழியிலேயே பூட்டிவிட்டோம். அப்போது அரைக்க நெல் இல்லை. வெறுமனே ஓட்டிப் பார்த்தோம், பூனை மாதிரி ஓடியது. முந்தாநாள் முதல் நெல் வந்தது, அதுவும் ஈரநெல். பாரத்தைக் கொடுத்தேன். கொடுத்த கையோடு அது நாய் போலக் குலைக்கத் தொடங்கியது. சாதாரணச் சத்தமல்ல. டப், டப், டப் என்று துவக்கு வெடித்த மாதிரி. வடிக்கூடு கழன்று கூரையில் அடித்தது. களத்தில் நின்ற பெண்கள் நெல்லோடு நெல்லாகக் குப்புறப் படுத்துவிட்டார்கள். எஞ்சினை ஆலையோடு பூட்டும் வாரைத் தட்டிவிட்டால் சத்தம் நிற்கிறது, மறுபடி போட்டால் குலைக்கிறது.

சத்தம் வாவிக்கு அந்தக் கரைக்கும் கேட்டிருக்கிறது. அங்கே காவலில் நிற்கும் ஆமிக்காரர் ஆள்விட்டுக் கேட்டார்கள். இந்தப் பக்கத்து இயக்கப் பெடியன்களும் வந்துவிட்டார்கள். "யாரு சுட்டது?" என்று அவர்கள். "எஞ்சின் தம்பி, எஞ்சின்" என்று நான். "எஞ்சின் சுடுமாக்கா?" என்று கேட்டுவிட்டு உமிக்குவியலைக்கூடக் கிண்டிப் பார்த்தார்கள். மறுநாள் பாதைத் துறையில் என்னை இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்துக் கேட்டார்கள்.

சங்கச் செயலாளர் உதயரூபன் எல்லோர் முன்னாலும் சொன்னார், "எஞ்சினும் பொம்பிளை ஓட்டுறா, சாமானும் பொம்பிளை தெரிஞ்செடுக்கிறா. மறுகா அது குலைக்காம என்ன செய்யும்?" எல்லோரும் சிரித்தார்கள். அசனார் காக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் டேர்போவைக் கழற்றிப் பார்த்து, "சாமான் நல்லாத்தான் இரிக்கு புள்ள. எனக்கு விளங்கல்ல" என்றார்.

பெப்ரவரி முதல் கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அரைப்பாரத்தில் ஓட்டுகிறேன். சனம் நெல் மூடையோடு வரிசையில் நிற்கிறது. வெல்லாவெளிக்காரர் ஒரு நாள் வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். உன் அத்தான் போட்ட பெரிய வார்ச் சில்லைக் காலால் தட்டி, "இதக் கழட்டோணும்" என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

நான்கு வருடம் பேராதனையில் எதைப் படித்தாய்?

அன்னப்பூரணி

*

தெகிவளை
22 ஜனவரி 2006

அக்கா,

கடிதம் வந்து மூன்று நாளாகிறது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், எங்கே ஏறினேன் எங்கே இறங்கினேன் என்று நினைவில்லை. சத்தம் கேட்டுப் பெண்கள் நெல்லில் படுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அந்தச் சத்தத்தை உங்கள் கரைக்கு அனுப்பியது நான்தான்.

கணக்கை அழித்து முதலிலிருந்து போட்டேன். அதே பதினான்கு, அதே 1.8. அந்தப் புள்ளியில் நின்றால் அது குலைக்க வழியே இல்லை. ஆனால் குலைக்கிறது. அப்படியென்றால் எஞ்சின் அந்தப் புள்ளியில் நிற்கவில்லை. காற்றுக் குறைந்து நெருக்கம் கூடிய இடத்தில் எங்கோ நிற்கிறது, இடக் கோட்டுக்கும் அப்பால். வடி அடைத்திருந்தால் அது மட்டும் இவ்வளவு தூரம் தள்ளாது. ஈரநெல்லும் காணாது. வேறு என்ன?

அப்போதுதான் "அத்தான் போட்ட பெரிய சில்லு" என்று நீங்கள் எழுதியது கண்ணில் பட்டது. அவர் சில்லு மாற்றினார் என்று எனக்குத் தெரியாது.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வேறு எதுவும் எழுதத் தேவையில்லை, சில்லுகளைப் பற்றி மட்டும்தான் கேட்கிறேன். எஞ்சின் சில்லின் விளிம்பைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து ஒரு சுற்று அளந்து பாருங்கள். ஆலைத் தண்டில் வார் ஓடும் சில்லையும் அப்படியே அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தானின் முப்பத்தோராம் நாளன்று நான் மட்டக்களப்பு வரை வந்தேன். பஸ் நிலையத்தில் வெயில் ஏறும்வரை இருந்தேன். களுவாஞ்சிகுடி பஸ் மூன்று போனது. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு வந்த பஸ்ஸிலேயே ஏறித் திரும்பிவிட்டேன். நான் எதையும் இரண்டாந்தடவை கேட்கவும் மாட்டேன், செய்யவும் மாட்டேன். சுற்று எத்தனை என்று மறுபடி கேட்டிருக்க வேண்டும்.

யசோ

*

மண்டூர்
30 ஜனவரி 2006

யசோதினிக்கு,

அடிமட்டம் ஆலையில் இல்லை, உடைந்துவிட்டது. நூலையே அனுப்புகிறேன். ஒரு முடிச்சுப் போட்டது எஞ்சின் சில்லு. இரண்டு முடிச்சுப் போட்டது ஆலைத் தண்டு. நன்றாக இழுத்துப் பிடித்து அளந்தேன்.

தவணைக்கு எட்டு நாள் இருக்கிறது.

அன்னப்பூரணி

*

தெகிவளை
3 பெப்ரவரி 2006

அக்கா,

உறையை வெட்டி ஒட்டியவர்கள் நூலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார்கள். ஒரு முடிச்சில் கறுப்பு மை ஒட்டியிருந்தது.

நூல்களை அறையின் சீமெந்துத் தரையில் நீட்டினேன். ஒரு முடிச்சு ஐந்தடி. இரண்டு முடிச்சு ஒன்பதடி. ஆலைத் தண்டு 600 சுற்றுச் சுற்றினால்தான் அரிசி உடையாமல் வரும், அதை நீங்கள் குறைக்கமாட்டீர்கள். ஒன்பதை ஐந்தால் பிரித்து 600ஆல் பெருக்கினால் 1080.

எஞ்சின் 1500இல் ஓடவில்லை. 1080இல் ஓடுகிறது. மெதுவாக ஓடினால் உறிஞ்சும் காற்றுக் குறைவு. ஆனால் அதே நெல்லை அரைக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் கூட உழைக்க வேண்டும், அதனால் நெருக்கம் கூட வேண்டும். பன்னிரண்டு இறாத்தல், 2.1 மடங்கு. பெரியதின் படத்தில் இந்தப் புள்ளியை வைத்தேன். கோட்டுக்கு இடப்பக்கம். சிறியதின் படத்தில் வைத்தேன். உள்வளையத்தில் அச்சாக விழுந்தது. நான் வேண்டாமென்று விட்டுவந்த சிறியது.

ஏன் மெதுவாக ஓட்டுகிறீர்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். எனக்கு ஓரளவு விளங்குகிறது. அதை எழுத வேண்டாம்.

இன்று காலை பஞ்சிகாவத்தைக்கு ஓடினேன். சிறியது இன்னும் அங்கே இருந்தது. கடைக்காரர் வழக்கம்போல எனக்குப் பின்னால் பார்த்தார். "அங்கே யாரும் இல்லை, நான்தான் வாங்க வந்திருக்கிறேன்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

இதைத் தபாலில் போட முடியாது. அசனார் காக்காவோடு நானே கொண்டுவருகிறேன். திங்கட்கிழமை குருமண்வெளியில் பாதை ஏறுவோம். துறையில் என்ன கேட்பார்களோ தெரியாது. வரைபடத்தையும் கையில் வைத்திருப்பேன், அதைப் பார்த்து வேறு எதையாவது நினைப்பார்களோ என்று இப்போதே வியர்க்கிறது. ஆனால் வருவேன். இந்தத் தடவை பஸ் நிலையத்திலிருந்து திரும்பமாட்டேன்.

யசோ

*

மண்டூர்
12 மார்ச் 2006

யசோ,

இதை அசனார் காக்காவின் கையில் கொடுத்துவிடுகிறேன். யாரும் வெட்டி வாசிக்கமாட்டார்கள். அதனால் நீ இங்கே இரண்டு நாள் இருந்தும் உன்னிடம் சொல்லாததை எழுதுகிறேன். நீ இருந்தபோது வீடு நிறைய ஆட்கள்.

நீ கொண்டுவந்த சின்ன டேர்போவோடு எஞ்சின் குலைக்கவில்லை. மாசி முழுக்கக் குலைக்கவில்லை. வரிசையில் நின்ற நெல் எல்லாம் போய்விட்டது. வெல்லாவெளிக்காரர் திரும்ப வரவில்லை. உதயரூபன், "அன்னம், உன்ர தங்கச்சி வந்து அந்தத் தாள விரிச்ச நேரம் நான் சீட்டு விளையாடப் போறாவாக்கும் எண்டு நினைச்சன்" என்று சொல்லிச் சிரித்தார். என்னை மாற்றுகிற கதையை அவரே மறந்தவர் போல இருக்கிறார். நான் மறக்கவில்லை.

மெதுவாக ஓட்டுவதற்குக் காரணம் டீசல்தான். வாவிக்கு இந்தப் பக்கம் டீசல் எண்ணித்தான் வரும். சங்கத்துக்கு மாதம் இத்தனை பரல் என்று கடிதம், அதற்கு மேல் ஒரு போத்தல் கொண்டுவந்தாலும் துறையில் வினை. 1500இல் ஓட்டினால் மாதத்தில் ஆறு நாள் ஆலை பூட்டித்தான் கிடக்க வேண்டும். உன் அத்தான் ஏழு வருடத்துக்கு முதல் பெரிய சில்லைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, மாதம் முழுக்க ஓட்டினார். அந்தப் பழைய டேர்போ சின்னது, அதனால் ஒன்றும் செய்யவில்லை. டீசலை எப்படி மிச்சம் பிடிக்கிறோம் என்று கடிதத்தில் எழுதினால், மிச்சம் எங்கே போகிறது என்று அக்கரைக் கூட்டம் கேட்கும், எங்களுக்கும் தா என்று இக்கரைக் கூட்டம் கேட்கும். அதனால்தான் தகட்டில் உள்ளபடி என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லில் உன் படிப்பெல்லாம் பிழையாகிப்போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கோபமும் இருந்தது. கோபம் இல்லாவிட்டால் வேறு ஏதாவது வழியில் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று. அந்த ஞாயிறு அவர் போனது உன் போனுக்காக மட்டுமல்ல. பெரியகல்லாற்றில் ஒருவரிடம் எண்ணெய் வடி சொல்லி வைத்திருந்தார். உன் போன் இல்லாவிட்டாலும் அதே பாதையில்தான் போயிருப்பார். அது எனக்கு முதல் நாளே தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் அதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். யார்மேலாவது போட வேண்டியிருந்தது. நீ தூரத்தில் இருந்தாய்.

நீ போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போனாய். நான் எஞ்சினடியில் நின்றேன், பாதை மணி கேட்டது. பரவாயில்லை.

அந்தத் தாளில் ஒன்றை எனக்கு அனுப்பு. நீ விரல் வைத்துக் காட்டியது பாதி விளங்கியது. மீதிப் பாதியை நானே பார்க்க வேண்டும்.

அக்கா

*

தெகிவளை
28 மார்ச் 2007

அக்கா,

களுவாஞ்சிகுடி முகாம்களில் மண்டூர் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எந்தப் பாடசாலை என்று தெரியாமல் மூன்று பாடசாலைகளுக்கும் ஒரே கடிதத்தை எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறீர்கள் என்று அசனார் காக்காவின் மகன் போன் செய்தான். சண்டை தொடங்கியதும் எஞ்சினை நிறுத்தாமலே ஓடிவந்தீர்கள் என்றும், பாதையில் ஏறியபின்னும் ஆலைச் சத்தம் கேட்டது என்றும் சொன்னான். டீசல் முடியும்வரை அது தனியாக ஓடியிருக்கும்.

ஊர்ப் பெயரைப் பார்த்து என்னை இரண்டு தடவை பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். ஒன்றுமில்லை, பதிவுதான். அன்றிலிருந்து எந்த நேரமும் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்க்கிறேன்.

உங்களுக்கு என்ன அனுப்புவதென்று தெரியவில்லை. உடுப்பும் பால்மாவும் பார்சலில் வருகின்றன. இத்துடன் ஆறு வரைபடங்கள் வைத்திருக்கிறேன், வெவ்வேறு அளவு டேர்போக்கள். பின்பக்கத்தில் எஞ்சின் அளவும் சுற்றும் கொடுத்திருக்கிறேன். காற்றை எப்படிக் கணக்கிடுவது என்று தனித்தாளில் படிப்படியாக எழுதியிருக்கிறேன். முகாமில் இருந்துகொண்டு இதையா செய்வது என்று நீங்கள் திட்டலாம். திட்டியாவது எழுதுங்கள்.

யசோ

*

மண்டூர்
19 ஓகஸ்ட் 2009

யசோ,

போனில் சொல்லலாம்தான். இதற்குத் தாள் வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது ஆலையில் சுவர் மட்டும் இருந்தது, எஞ்சினில் கழற்றக்கூடியதெல்லாம் கழன்றிருந்தது. உனக்குத் தெரியும். இரண்டு வருடம் கூலிக்கு நெல் வெட்டப் போனேன். இப்போது சண்டை முடிந்துவிட்டது, ஒரு வெளிநாட்டு நிறுவனம் சங்கத்துக்குப் புது எஞ்சின் தருகிறதாம். இரண்டு வாரத்துக்கு முதல் அதன் கடதாசிகளோடு ஒரு துரை வந்தார். கடதாசிக்கட்டில் ஒரு வரைபடம் இருந்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. உதயரூபன் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் வாங்கித் திருப்பிப் பிடித்தேன்.

பென்சிலால் கணக்குப் போட்டேன். நீ முகாமுக்கு அனுப்பிய ஆறு படங்களிலும் போட்டுப் பழகிய கணக்குத்தான். 1080 சுற்று, ஆலைப் பாரம். புள்ளி இடக்கோட்டுக்கு அப்பால் விழுந்தது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அப்பால்தான்.

கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன், இந்த எஞ்சின் எங்களுக்குச் சரிவராது, குலைக்கும் என்று. துரைக்கு மொழிபெயர்த்தார்கள். அவர் முகம் சுருங்கியது. உதயரூபன், "சும்மா வாறத வேணாமெண்டு சொல்ல நீ யாருகா? இந்தச் சாமான் திரும்பிப் போச்செண்டா இந்தச் சென்மத்தில நீ எஞ்சின் பக்கம் வரேலாது" என்று கத்தினார். வேறு யாரும் எனக்காகப் பேசவில்லை. துரை ஒரு மாதம் பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

படத்தை வைத்திருக்கிறேன். என் புள்ளியைப் பென்சிலால் பெருக்கல் போட்டிருக்கிறேன். நான் சொன்னது சரிதானே? அவசரப்பட்டு ஓம் என்று எழுதாதே. பார்த்து எழுது.

அக்கா

*

தெகிவளை
26 ஓகஸ்ட் 2009

அக்கா,

பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். உங்கள் கணக்கில் ஓர் இடத்திலும் பிழை இல்லை. வெயிலுக்குக்கூடத் திருத்தியிருக்கிறீர்கள், எங்கள் கொம்பனியில் புதிதாக வந்தவர்கள் அதை மறந்துவிடுவார்கள். 1080இல் ஓட்டினால் அந்த எஞ்சின் குலைக்கும். நீங்கள் சொன்னது சரி.

இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்தேன். எஞ்சினில் உங்கள் இடம் போகிற விடயம், அதனால் நேராகவே எழுதுகிறேன். ஏன் 1080?

பாதைத் துறையில் இப்போது டீசல் எண்ணுகிறார்களா? போன மாதம் அசனார் காக்கா தன் வான் வண்டியில் நான்கு பரல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்றதாகச் சொன்னார். யாரும் மறிக்கவில்லையாம். நீங்களும் அதே பாதையில்தான் போய்வருகிறீர்கள். எஞ்சினை 1500இல் ஓட்டலாம் அக்கா. 1500இல் வைத்துப் பாருங்கள், உங்கள் பெருக்கலிலிருந்து வலப்பக்கம் கொஞ்சம், கீழே கொஞ்சம். உள்வளையத்தின் நடுவிலேயே விழும். அத்தான் போட்டதைப் போலப் பெரிய சில்லைப் புது எஞ்சினுக்குப் போடாதீர்கள், அதனுடைய சில்லே போதும்.

முன்பு நான் இன்னொரு தடவை கேட்காமல் தகட்டை நம்பினேன். இப்போது நீங்கள் தகட்டை நம்பவில்லை. கூட்டத்தில் போய்ப் பிழை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என்னால் என்றால் முடியாது. ஆனால் ஒரு மாதம் முடியுமுன் சொல்ல வேண்டும். எஞ்சின் வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள்தான் ஓட்டுவீர்கள் என்றும் சொல்லுங்கள்.

யசோ

*

மண்டூர்
4 ஒக்டோபர் 2009

யசோ,

கூட்டத்தில் சொன்னேன். நான் சொன்னது பிழை, எஞ்சின் வேண்டும், டீசல் இனி எண்ணித் தருவதில்லை என்பதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னேன். நல்ல சிரிப்பு. உதயரூபன் சிரித்து முடித்துவிட்டு, "நானுந்தான் யோசிக்கல்ல" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. யார் ஓட்டுவதென்று கேள்வி வந்தபோது துரை என் பெருக்கல் போட்ட படத்தை எடுத்துக் காட்டினார். இதைப் போட்ட ஆள் யார் என்று கேட்டாராம். அவ்வளவுதான், எனக்குத் தந்துவிட்டார்கள்.

நேற்றுப் பூட்டி முடிந்தது. இன்று காலை முதல் நெல். பாரத்தைக் கொடுத்து, வேகப் பிடியைத் தள்ளி, சுற்றுமானியில் முள் 1500இல் நிற்கும்வரை ஏற்றினேன். யசோ, அது என்ன சத்தம்! குலைப்பு அல்ல, ஒரு விசில் மாதிரி. பத்து வருடமாக இந்த ஊரில் ஒருவரும் ஆலையை இந்தச் சத்தத்தில் கேட்டதில்லை. றோட்டில் போன ஆட்கள் நின்றார்கள். ஒரு கிழவி கேற்றுக்குள் தலையை நீட்டி, "என்னடி மனே, எங்கயும் ஓடப்போறமா?" என்று கேட்டா. இல்லை பெத்தா, நெல்லுக்குத்துகிறோம் என்றேன்.

எஞ்சின் ஒன்றும் செய்யவில்லை. என் கைதான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும் பிடியைக் குறைக்கப் போகிறது. டீசல் போகுதே, போகுதே என்று உள்ளங்கை சொல்கிறது. இரண்டு தடவை என்னை அறியாமல் 1300க்கு இறக்கிவிட்டேன், மறுபடி ஏற்றினேன்.

கடைசியில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு மூடை முடியும்வரை அப்படியே நின்றேன்.

அக்கா